போளைக்கும் தொப்புள் உண்டு

திகனயில் ஸாகி நானாவின் கல் பட்டறை. மேசை மேல் தீட்டி வைத்த நாலு நீலக்கற்கள் கண்ணைப் பறித்தன. மயூரதன் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. கல்லை எடுத்தால் பொலிஸ் வரும். அவன் கள்ளன்தான், ஆனால் பொலிஸ் வராத களவுகளை மட்டும் செய்கிற கள்ளன்.

வத்தேகமயில் ஒரு வீட்டிலிருந்து நூறு வருசத்துச் சுவர் மணிக்கூட்டைக் "கறள் பிடிச்ச சாமான்" என்று சொல்லியே தூக்கி வந்தவன். பழைய பொருட்களை வெளிநாட்டுக்கு விற்பது அவன் தொழில். அவற்றின் அருமையைச் சொந்தக்காரரிடம் சொல்லாமல் இருப்பது தொழில் இரகசியம்.

இன்று அவன் கண் யன்னலோரத்து ஜாம் போத்தலில் இருந்தது. அதற்குள் பிள்ளைகள் சுண்டி விளையாடுகிற கண்ணாடிப் போளைகள் ஒரு பிடி. புசல்லாவைப் பக்கம் ஒரு துரை பங்களா ஏலத்தில் நானா எடுத்த அலுமாரியின் லாச்சிக்குள் கிடந்தவை. எல்லாம் கடைப் போளைகள், ஒன்றைத் தவிர.

தேசிக்காய் அளவான அந்த ஒன்றுக்குள் சிவப்பும் வெள்ளையும் பின்னலாக முறுக்கிக்கொண்டு போயின. அடியில் ஒரு சிறு வடு. அந்தக் காலத்து ஜேர்மன்காரன் கண்ணாடிக் கோலை உருக்கி, உருட்டி, கத்தரியால் வெட்டியெடுத்த இடம் அது. பிறகு மெஷின் வந்தது. வடு இல்லாத போளைகள் கோடிக்கணக்கில் பிறந்தன. தாய் பெற்ற பிள்ளைக்குத் தொப்புள் மாதிரி, கையால் செய்த போளைக்கு அந்த வடுதான் சாட்சி.

போன கிழமை மோதிரக்கல் தீட்ட வந்தபோது மயூரதன் களவாக ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தான். லண்டன்காரர் ஒருவர் அந்த வடுவைப் பார்த்துவிட்டுச் சொன்ன விலைக்கு ஒரு பழைய திரீவீலே வாங்கலாம்.

"நானா, அந்தப் போளையளைத் தாறியளோ? என்ர மகள் விளையாட. அவளுக்குப் போளை எண்டால் உயிர்."

அவனுக்கு இன்னும் கலியாணமே ஆகவில்லை.

"புள்ளக்கி எத்தின வயசு?"

"அஞ்சு." வாயில் வந்ததைச் சொன்னான்.

நானா போத்தலைக் கவிழ்த்தார். கை நேரே பெரிய போளைக்குத்தான் போனது. கல் பார்க்கிற கண்ணாடியைக் கண்ணில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெருவிரலால் வடுவைத் தடவினார். மயூரதன் கண்ணை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இதில ஒரு விசயம் இரிக்கி தம்பி. பாத்தீங்களா?"

"இல்லை நானா. எனக்கு இதெல்லாம் விளங்காது."

"எனக்கு விளங்கும். முப்பது வருசமா இதுதானே வேல. கொஞ்சம் இரிங்க, வாரேன்."

போளைகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நானாவின் மனைவி றமீஸா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். "மகள்ட பேரென்ன தம்பி?"

"கஜாலினி." பள்ளிக்கூடத்தில் அவனைத் திரும்பியும் பார்க்காத ஒருத்தியின் பெயர் அது.

உள்ளே சாணைச் சில்லு சுற்றத் தொடங்கியது. யாருடைய கல்லுக்கோ அவசரம் போலும். அல்லது அந்தச் சத்தத்தின் மறைவில் மனிசன் யாருக்காவது போன் போடுகிறாரா? இன்டர்நெட்டில் விலை தேடுகிறாரா? தேநீர் ஆறியது, மயூரதனுக்கு வியர்த்தது. எழும்பி ஓடிவிடலாம் என்றால் திரீவீல் ஆசை விடவில்லை.

அரை மணித்தியாலம் கழித்து நானா வந்தார். கையில், இரத்தினக்கல் மடிக்கிற வெள்ளைத் தாளில் ஒரு பொட்டலம்.

"எவ்வளவு நானா?" மயூரதன் காசெடுக்கப் பைக்குள் கையை விட்டான்.

"சின்னப் புள்ளக்கி விக்கிறதா? சும்மா கொண்டு போங்க."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது! மயூரதனுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. கொஞ்சம்தான். பொட்டலத்தைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு படியில் கால் வைத்தான்.

"தம்பி, நில்லுங்க!"

கால் அப்படியே நின்றது. நானா சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"ஒங்களுக்கிட்ட ஒரு விசயம் செல்ல மறந்திட்டேன். புள்ளட கையக் கிழிச்சிரும் எண்டு, பெரிய போளையிட அடியில இருந்த வடுவ வழுவழுண்டு தீட்டி எடுத்திட்டேன். இனி மெஷின்ல செஞ்சது எண்டுதான் யாரும் செல்லுவாங்க!"