கேட்காத பக்கம்

பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றித் தரும் கடையில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. ஒருநாள் அதற்கு ஒரு கேசட் வந்தது. துபாயிலிருந்த தகப்பன் மகளுக்குப் பேசி அனுப்பியது.

"அவனைக் கட்டினா என் முகத்திலேயே முழிக்காதே!" என்பதோடு ஒரு பக்கம் தீர்ந்தது.

"முடிந்ததா?" என்றது கணினி.

"மறுபக்கம் இருக்கிறது. கோபம் ஆறியபின் பேசினார். மகள் இதுவரை கேட்டதில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்," என்றது கேசட்.

தானாகப் பக்கம் மாற்றும் பகுதி ரெக்கார்டருக்கு இறுகிப்போய் வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றியது.

"கல்யாணத்துக்கு வரேம்மா. வாங்கன்னு ஒரு வரி எழுதிப் போடு, போதும்."

அதற்குப் பிறகு பேச்சில்லை. ரெக்கார்டர் நிறுத்த மனமில்லாமல் நாடா தீரும்வரை ஓடியது.