ஐந்தாவது ஏன்

ஹெல்மெட் தொழிற்சாலையில் பரிசோதனை மேசைக்காரிக்குக் 'கழுகுக்கண் அக்கா' என்றுதான் பெயர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். புது மேனேஜரோ, எந்தக் குறைக்கும் ஐந்து முறை 'ஏன்' கேட்டு வேரோடு பிடுங்குகிறவர். அவர் வந்தபின் கழிவுகளுக்கான சிவப்புத் தொட்டி காலியாகிவிட்டது.

ஆனால் தினமும் காலையில் அதில் ஒரு நீல ஹெல்மெட் கிடந்தது. காதோரம் விரிசல், அதன்மேல் அவள் ஒட்டும் பச்சை 'பாஸ்' ஸ்டிக்கர். போன மாதமே லாரியேறிப் போன ஹெல்மெட் அது. யாரும் வருமுன் சுத்தியலால் உடைத்துப் போடுவாள். மறுநாள் அதே விரிசலோடு முழுசாகக் கிடக்கும்.

இன்று மேனேஜர் முந்திக்கொண்டார்.

"ஏன் விரிசல் விட்டுச்சு?"

"அச்சுல சூடு பத்தல சார்" என்றார் மெஷின்காரர்.

"ஏன் பத்தல?"

"அன்னிக்குக் கரண்ட் போய்ப் போய் வந்துச்சு."

"செக்கிங்ல ஏன் தப்பிச்சுது?"

"கண்ணுக்குத் தெரியல சார்" என்றாள் அக்கா.

"உங்க கண்ணுக்கா? ஏன் தெரியல?"

"ஸ்டிக்கர் மறைச்சிருச்சு சார்."

அதற்குள் அவருக்கு போன் வந்துவிட, பேசிக்கொண்டே வெளியே போனார். ஐந்தாவது ஏன் அப்படியே நின்றது. அந்த ஹெல்மெட் அவள் மேசைக்கு வந்த அன்று, லாரி கிளம்ப அவசரப்பட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. விரிசலைப் பார்த்துவிட்டுத்தான் அதன்மேல் ஸ்டிக்கரை ஒட்டினாள்.

சுத்தியலுடன் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தாள். இப்போதுதான் கழற்றியதுபோல உள்ளே வியர்வை ஈரமும் கதகதப்புமாக இருந்தது. வாரை யாரோ ஒரு சின்னப் பிள்ளையின் தாடைக்கு அளவாக இறுக்கியிருந்தார்கள்.