மூன்றாவது விதைப் பாக்கெட்

"மூணாவது பாக்கெட்டும் புஸ்ஸுன்னு போச்சா?" என்று பால்கனிக்கு வந்த மாமனார் நக்கலாகக் கேட்டார்.

வெங்காயத்தாள் விதைத்த தொட்டி இன்றும் மொட்டையாகத்தான் கிடந்தது.

"புது விதைதான் மாமா. ஆழமாவும் போடலை. மண்ணு காயவே விடலை" என்றாள் மருமகள்.

"விதையைக் குறை சொல்லாதே. தோட்டக்கலை ஆபீஸ்ல முப்பது வருஷம் குப்பை கொட்டினவன் சொல்றேன், உன் கை பட்டா பாறையில இருக்கிற பாசிகூடப் பட்டுப்போகும்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் விடுவதாக இல்லை.

"விதைச்சா மட்டும் போதுமா? பராமரிக்க வேணாமா? நீ வேலைக்குக் கிளம்பினதும், இடுப்பு ஒடிய குனிஞ்சு தினமும் களை புடுங்குறது யாரு? நான்தான்!"

"களையா?"

"ஊசி ஊசியா புல்லு. அதுக்குத் தலையில கறுப்புக் குல்லா வேற! ஒண்ணு விடாம வேரோட புடுங்கிடுவேன். முதல்ல அந்த மண்ணை மாத்து."

"மண்ணுக்கு என்ன மாமா?"

"கெட்டுப்போன மண்ணும்மா! புடுங்குற புல்லுகூட வெங்காய வாடை அடிக்குது. சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரலை விட்டுப் போகமாட்டேங்குது!"