குடிக்காதவரின் கணையம்

“வேதத்துல கை வச்சு சத்தியம் பண்ணுனீகளே, பொறவும் குடிச்சீகளா?”

ஞானபாக்கியம் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே குனிந்து புருஷனின் வாயை மோந்து பார்த்தாள். மருந்து நெடிதான் அடித்தது. அதற்காக நம்பிவிட முடியுமா?

“சத்தியமா இல்லட்டி...” ராஜரத்தினம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

ராஜபாளையத்து மில்லில் ஃபிட்டர் அவன். காய்ச்சல், பல்வலி என்று கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு திரிந்தவன், நேற்று வயிற்றுவலியில் சுருண்டு விழுந்துவிட்டான். “கணையம் வீங்கியிருக்கு. மொடாக்குடியர்களுக்குத்தான் பெரும்பாலும் இப்படி வரும். எத்தனை வருஷமா குடிக்கிறார்?” என்று டாக்டர் கேட்டபோது ஞானபாக்கியத்துக்கு மானமே போயிற்று.

வாரக் கடைசி ஆனால் லூனாவை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விடுவான். கேட்டால், அங்கே ஒரு மில்லில் மெஷின் ரிப்பேர் என்பான். எந்த மெஷின் வாரம் தவறாமல் கெடும்? இப்போதல்லவா விளங்குகிறது!

வராந்தாவில் அவள் அண்ணன் ஞானதுரை கொதித்துக்கொண்டிருந்தான். “வண்டிப் பையக் கொட்டிப் பாத்துட்டேன், பாட்டில் ஒண்ணும் இல்ல. வெவரமான ஆளு! குடிகாரன்கூட நீ பொழச்சது போதும். கெளம்பு, கான்சாபுரத்துல நம்ம வீட்டுக்குப் போவோம்.”

“செத்த பொறுண்ணே. டாக்டர்கிட்ட இன்னொருக்க கேட்டுட்டு வாரேன்.”

புருஷனை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை. கூட இருக்கவும் நம்பிக்கையில்லை.

டாக்டர் அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். “அம்மா, தப்பா சொல்லிட்டேன். உங்க வீட்டுக்காரர் குடிக்கலை. இது பொன்னுக்கு வீங்கி.”

“அது பிள்ளைகளுக்குல்லா வரும்?”

“பெரியவங்களுக்கும் வரும். இருமல், தும்மல்ல பரவுற வைரஸ். கன்னத்தோட நிக்காம, சில பேருக்குக் கணையத்தையும் வீங்க வச்சிடும். பல்வலின்னு சொன்னாரே, அதுவும் இதுதான். பயப்படாதீங்க, சரியாயிடும்.”

ஞானபாக்கியம் அங்கேயே அழுதுவிட்டாள். வாசலில் எட்டிப் பார்த்த அண்ணனிடம், “கேட்டியாண்ணே? எம்புட்டுப் பேச்சு பேசுன! எம் புருஷனப் போல யோக்கியன் இந்த ஊர்ல உண்டா? நீ ஊருக்குப் போ” என்று விரட்டினாள். பாவி, நானும் அல்லவா சந்தேகப்பட்டேன் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

“இப்ப மட்டும் எப்படிக் கண்டுபிடிச்சீக டாக்டர்?”

“காலையில நீங்க வீட்டுக்குப் போயிருந்தப்ப, ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து ஒரு அம்மா குழந்தையத் தூக்கிட்டு வந்தாங்க. ரெண்டு கன்னமும் புஸ்ஸுன்னு வீங்கியிருக்கு. வீக்கம் வத்தணும்னு கழுத்துல பெரியாள் தங்கச் சங்கிலி! அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறி தட்டுச்சு” என்று டாக்டர் சிரித்தார். “‘அப்பா அப்பா’ன்னு அவர் மேல ஏறி என்ன அழுகை! உங்க மக அப்படியே அப்பா ஜாடைம்மா.”

கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் பிள்ளையில்லாத ஞானபாக்கியம், அவன் குடிகாரனாகவே இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினாள்.