வெந்நீர் அறையில் ஒரு சம்பந்தம்

“என்னடி பொண்ணே, இது ஆர்கான் எண்ணெய்தானா? வாசனையே இல்லையே!”

இஜ்ஜாவின் கையிலிருந்த சின்ன சீசாவை உரிமையோடு பிடுங்கி முகர்ந்து பார்த்தாள் யம்னா.

“இது தலைக்கும் முகத்துக்கும் சித்தி. பருப்பை வறுக்காம அரைச்சது. வறுத்து அரைச்சாதான் வாசனை வரும். அது ரொட்டிக்கு.” இஜ்ஜா அவள் தலைப்பக்கம் குனிந்து மூக்கை உறிஞ்சினாள். “உங்க தலைல வறுத்த வாசனை தூக்குதே! அடுப்படி சீசாவைக் கவுத்துக்கிட்டு வந்துட்டீங்களா?”

யம்னாவுக்கு வெட்கமாகிவிட்டது. கிளம்புகிற அவசரத்தில் அதைத்தான் செய்திருந்தாள்.

வியாழக்கிழமை பிற்பகல் என்றால் திஸ்னித் ஊரின் பெண்கள் ஹம்மாமில், அதாவது பொது வெந்நீர்க் குளியல் கூடத்தில், உட்கார இடம் கிடைக்காது. அங்கே முதுகு தேய்த்துவிடும் ரக்கியாதான் போன வாரம் யம்னாவின் காதைக் கடித்தாள். “அடுத்த வியாழன் வா. ஆர்கான் எண்ணெயோட இஜ்ஜான்னு ஒரு பொண்ணு வரும். நல்ல குடும்பம். உனக்குப் பொருத்தமான சம்பந்தம்.”

யம்னாவுக்கு அது போதும். அகாதிர் நகரில் மெக்கானிக்காக இருக்கும் மகன் ஹம்முவுக்கு ஒரு வருஷமாகப் பெண் தேடிக்கொண்டிருந்தாள். பட்டும் நகையும் இல்லாமல், வாளியும் துண்டுமாக இருக்கும்போது பார்த்துவிட்டால் ஏமாற வழியில்லை பாருங்கள்!

“இந்த முடி உன்னுதுதானா?”

“இழுத்துப் பாருங்க.”

யம்னா நிஜமாகவே இழுத்தாள். இஜ்ஜா “ஆ!” என்று அலறிச் சிரித்தாள். பல்வரிசையையும் பார்த்தாயிற்று.

“சரி, ஆர்கான் மரத்துல ஏறிப் பழம் தின்னுட்டு ஆடு துப்பின கொட்டை இதுல எத்தனை?”

“எங்க மரத்துல ஆடு ஏறிடுமா? அப்பா கம்போட அடியிலயே காவல் இருப்பார். ‘இறங்குறியா, நான் ஏறவா’ன்னு ஆட்டுக்கிட்ட சண்டை போடுவார்.”

“கொட்டை உடைக்கிறது யாரு, அம்மாவா?”

“நான்தான். அம்மா போய் ஆறு வருஷமாச்சு.”

யம்னாவின் குரல் இறங்கியது. “எங்க வீட்டுக்காரர் போயும் ஏழு ஆச்சு” என்றாள். பிறகு இஜ்ஜாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கல்லால் கொட்டை உடைத்துக் காய்ப்பு ஏறியிருந்தது. ஆனாலும் எண்ணெய் தேய்த்துத் தேய்த்துத் தோல் மிருதுவாக இருந்தது. பெண் உழைப்பாளி. தன்னையும் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவள்.

“சித்தின்னு எதுக்கு? அத்தைன்னே கூப்பிடேன்” என்றாள் ஆசையாக.

“சித்தின்னே வாய்க்கு வந்துடுச்சு, இருக்கட்டுமே. திரும்புங்க, முதுகு தேய்க்கிறேன்.”

கறுப்பு சோப்பைப் பூசி, சொரசொரப்பான கையுறையால் இஜ்ஜா தேய்த்த தேய்ப்பில் யம்னாவின் ஏழு வருஷக் களைப்பும் உரிந்து விழுந்த மாதிரி இருந்தது. பிறகு அவள் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வெடித்த குதிகாலில் எண்ணெய் விட்டாள்.

“தூங்கப் போறப்ப தினம் ரெண்டு சொட்டு விடுங்க. பத்தே நாள்ல வெடிப்பு மூடிடும். முதுகு, இடுப்பு வலியெல்லாம் உண்டா?”

“இல்லையே.”

“குறட்டை?”

“அடிப்பாவி, மாமியாருக்கே பரீட்சை வைக்கிற காலமா இது!” என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டாள் யம்னா. “தெரியாதும்மா. கேட்டுச் சொல்லத்தான் வீட்டுல ஆள் இல்லையே” என்றாள் வெளியே.

இஜ்ஜா சிரிக்கவில்லை. எண்ணெய்ச் சீசாவை மூடிக் கீழே வைத்தாள்.

“அப்பா நல்லவர் சித்தி. கொஞ்சம் கிறுக்கு, அவ்வளவுதான். ஆட்டுக்கிட்ட பேசுறவர் நமக்கு எதுக்குன்னு நினைக்க மாட்டீங்களே? ஒரே வீட்டுல இருக்க முடியுமா?”

தகப்பனைத் தனியே விட்டு வர மனசில்லை போலும், பாவம்! யம்னா உருகிப்போனாள். “தாராளமா. பேச்சுச் சத்தமே இல்லாத வீட்டுல இருக்கிறவளுக்குத்தான் தெரியும் அதோட அருமை.”

“உங்க மகன் என்ன சொல்வார்? பிள்ளைங்க சில சமயம் முறைச்சுக்குவாங்க.”

“நான் கிழிச்ச கோட்டை அவன் தாண்ட மாட்டான். உங்க அப்பா எப்படி?”

“அவர் ரொம்ப வெட்கப்படுவார். நான் பேசிக்கிறேன்.”

இதற்கு மேல் என்ன பொருத்தம் பார்ப்பது? வெளி அறையில் உடை மாற்றியதும் யம்னா தன் வெள்ளி வளையலைக் கழற்றி இஜ்ஜாவின் கையில் மாட்டினாள். “எனக்குப் பரிபூரண சம்மதம். நாளைக்கே வீட்டுக்கு வரேன்.”

இஜ்ஜா அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். “எனக்கு ஏன் சித்தி வளையல்? நாங்கதானே உங்களுக்குப் போடணும்!”

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்கதான்டி பொண்ணுக்குப் போடணும். ஹம்முவையும் அழைச்சுட்டு வரேன். நீயும் அவனை ஒரு தடவை பார்த்துக்க வேண்டாமா?”

இஜ்ஜா விழித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஐயோ சித்தி, ரக்கியா உங்ககிட்ட முழுசாச் சொல்லவே இல்லையா? எனக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைங்க இருக்கு. நான் பொண்ணு பார்க்க வந்தது எங்க அப்பாவுக்கு!”