வாசிக்காத கடைசிப் பக்கம்

“கதவு தட்டும் சத்தம் கேட்டது. அம்மா ஓடிப்போய்த் திறந்தாள். நனைந்த சட்டையோடு மகன் சிரித்துக்கொண்டு நின்றான்.”

எழுத்தாளர் புத்தகத்தை மூடினார். நூலக அரங்கில் கைதட்டல் எழுவதற்குள், பின்வரிசையில் கண்ணாடிக்காரர் ஒருவர் எழுந்தார். கையில் அதே புத்தகம். விரல் வைத்து வரிவரியாகக் கூடவே படித்து வந்தவர்.

“சார், இதுல பையன் ஆத்துல மூழ்கிச் செத்துப்போயிடறானே! நீங்க வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டீங்க?”

“நீச்சல் கத்துக்கிட்டிருப்பான், விடுங்க!” என்றது ஒரு குரல். அரங்கமே சிரித்தது.

அமைப்பாளர் மேடைக்கு விரைந்து வந்து காதைக் கடித்தார். “போன கூட்டத்துலயும் இதே கூத்து சார். பரிசு கிடைச்சதே அந்த முடிவுக்குத்தான். கடைசிப் பக்கத்தை இருக்கிறபடியே வாசிச்சிடுங்க. இல்லன்னா இனிமே உங்களைக் கூப்பிட முடியாது.”

எழுத்தாளர் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். மறுபடி மூடிவிட்டார்.

“கூப்பிட வேண்டாம் சார்.”

வாசலில் இறங்கும்போது மனைவி மெல்லக் கேட்டாள். “இனிமே வாசிக்க விடமாட்டாங்களா?”

“மாட்டாங்க.”

“போகட்டும். வீட்டுல எனக்கு மட்டும் வாசிங்க. ஆனா, கதவைத் திறந்ததோட முடிச்சிடாதீங்க.”

“பின்னே?”

“அன்னிக்கு நம்ம பிள்ளை சாப்பிடாமலே ஆத்துக்குப் போயிட்டான். உள்ள கூப்பிட்டு, ஒரு வாய் சாப்பிட வெச்சு முடிங்க.”