சுவரைப் பார்த்த அந்தோணியார்

“கடவுள் மாறாதவர்னு உனக்கு நம்பிக்கை இருக்கா, பிரகாசி?”

வீட்டுக்குள் நுழைந்ததுமே உபதேசியார் சந்தியாகு இப்படித்தான் கேட்டார். மாடத்தில் அந்தோணியார் சொரூபம் சுவரைப் பார்த்து நின்றிருந்தது. கேட்டது கிடைக்கும்வரை புனிதரை அப்படித் திருப்பி வைப்பது காரைக்காலில் அந்தத் தெருப் பெண்களின் வழக்கம். அதை ஞாயிறுதோறும் தொண்டை கிழியத் திட்டுவது உபதேசியாரின் வழக்கம்.

“இருக்குங்க ஐயா.”

“எங்க இருக்கு? அறுப்புக்கு ஒரு விசுவாசம், அடைமழைக்கு ஒரு விசுவாசம்! உன் பொண்ணுக்குக் கல்யாண ஓலை வாசிக்க வேணாம்னு பங்குச் சாமியார்கிட்ட சொல்லப் போறேன்.”

கோயிலில் வாசிக்கும் அந்தத் திருமண அறிவிப்புக்காகத்தான் மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள்.

“ஐயா, அது எங்க சொரூபம் இல்லைங்க.”

“பின்ன யாருது?”

“நீங்களே திருப்பிப் பாருங்களேன்.”

திருப்பினார். எழுபத்தேழாம் வருடப் புயலில் உடைந்த அதன் மூக்கை அவரே மெழுகு வைத்து ஒட்டியிருந்தார்.

“உங்களுக்கு வாத்தியார் வேலை கிடைக்கிறவரைக்கும் இப்படியே நிக்கட்டும், உங்க கண்ணுல மட்டும் படக்கூடாதுன்னு உங்க வீட்டுக்காரம்மாதான் கொண்டாந்து வச்சாங்க.”

உபதேசியார் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். அந்தோணியாரை மறுபடியும் பத்திரமாகச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு படியிறங்கிப் போனார்.